சிவப்பு நூல் கட்டிய பிளேட்

ஒரு நாளும் பேர் சொல்லாமல், "என்னங்க" என்று மட்டுமே நான் கூப்பிட்ட என் மனுசருக்கு,

நீங்கள் போய் இரண்டு வருசம் ஆகப்போகிறது. அரூரில் நம் ஸ்டுடியோவை மகன் பார்த்துக்கொள்கிறான். இப்போது எல்லாம் பிலிம் ரோல்தான். பேத்தி செல்வி மூன்றாம் வகுப்பில் முதல் மார்க்கு. அதைத் தெருவெல்லாம் சொல்லியாயிற்று. சொல்லாமல் இருக்க முடியுமா?

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒருவர் உங்கள் பழைய மடக்குக் கேமராக்களைக் கேட்டு வந்தார். உங்களைப் போலவே சேர்த்து வைக்கிற பைத்தியம். ட்ரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஐந்தும் அப்படியே இருந்தன. தீர்த்தமலைக்குக் கொண்டுபோனதை எடுத்து, முன்பலகையைச் சாய்த்து, தோல் துருத்தியை இழுத்தார். இருட்டறைக்குள் போய் அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒரு ஓட்டை கூட இல்லீங்கம்மா. நல்லா வெச்சிருந்திருக்காரு."

ஓட்டை இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். உங்களிடம்தான் சொல்லவில்லை.

தீர்த்தமலை நாள் நினைவிருக்கிறதா? போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உங்கள் ஆத்தா, அன்றைக்குத் தீர்த்தத்தில் குளித்து வந்த சந்தோசத்தில், "ஊரையெல்லாம் புடிக்கற, என்னைய மட்டும் வுட்ருவியா? எடுத்துத் தொலைடா" என்றார்கள். நீங்கள் கறுப்புத் துணிக்குள் என் தலையையும் இழுத்துக்கொண்டீர்கள். பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் ஆத்தா தலைகீழாக நின்று சிரித்தார்கள். அப்புறம் அந்தக் கண்ணாடியைக் கழற்றி, படம் பதிகிற கண்ணாடி பிளேட் இருந்த தகர உறையைச் செருகினீர்கள். ஒரே ஒரு படம். கையில் இருந்ததும் ஒரே பிளேட்.

படம் கழுவுகிற மருந்து தீர்ந்திருந்தது. சேலத்திலிருந்து வாங்கி வர வேண்டும். அதற்குள் ஆறாம் நாள் ஆத்தா போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் மருந்துக்காக நீங்கள் பஸ் ஏறினீர்கள். எடுத்து முடித்த உறைக்கு அடையாளமாக நீங்கள் கட்டும் சிவப்பு நூலோடு அது அலமாரியில் இருந்தது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தாயில்லாமல் வந்த எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட முகம். மங்கல் கண்ணாடியில் தெரிந்தது மாதிரியே பிளேட்டிலும் ஒட்டியிருக்கும், மருந்து அதை அழியாமல் காப்பாற்றத்தான் என்று நினைத்தேன். நூலை அவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் உறையின் மூடித் தகட்டை உருவினேன். பாலாடை மாதிரி வெறும் வெளுப்பு. பயந்துபோய் மூடி, நூலைத் திரும்பக் கட்டி வைத்தேன்.

உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் படக் கவர்களின் மேல் பேர் எழுதுகிறவள் நான். "எங்க வூட்ல அஞ்சாவது படிச்சவங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடம் நீங்களே சொல்வீர்கள். தெரியாது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கழுவினீர்கள். பிளேட் முழுக்கக் கறுப்பு. இருட்டறையை விட்டு வந்து, "துருத்தில எங்கியோ ஓட்டை இருந்து வெளிச்சம் பூந்திருக்குது, புள்ள" என்றீர்கள். நான் உருவிப் பார்த்த ஜன்னல் வெளிச்சம்தான் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஞாயிறுதோறும் ஐந்தையும் துடைத்து வரிசையாக வைத்து அழகு பார்த்த மனுசன், அன்றைக்குப் பெட்டியில் போட்டுப் பூட்டியதோடு சரி.

கம்பைநல்லூரில் இருக்கும் உங்கள் அக்கா விட்டார்களா? ஒவ்வொரு விசேசத்திலும் பந்தியில் ஆரம்பிப்பார்கள். "கழுதைக்குக் கூட படம் எடுத்துக் குடுத்தான். பெத்தவ மூஞ்சிய மட்டும் கரியாக்கிப்புட்டான்." நீங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிடுவீர்கள். நான் உங்களுக்கு ரசம் ஊற்றுவேன். பத்து வருசம் ஊற்றினேன்.

ஒன்று கேட்கிறேன். உருவி இழுத்தால் அவிழும் சுருக்குத்தான் நீங்கள் கட்டுவது. நான் அவசரத்தில் பூச்சரத்துக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுவிட்டேன். உங்கள் கைதானே அதை அவிழ்த்தது? துருத்திக்குள் விளக்குப் பிடித்துப் பார்க்காமல் ஒரு நாளும் கேமராவை வெளியே எடுத்துப்போனவர் இல்லையே நீங்கள். நான் திறந்தது தெரிந்துதான் ஓட்டை என்றீர்களா? தெரியாது என்றால் உங்களை ஏமாற்றினேன் என்று அழலாம். தெரியும் என்றால் எப்படி அழுவது?

வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கம்பைநல்லூர் போகிறேன். அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டது. மெதுவாகச் சொன்னால் கேட்காது. மருமகள்கள், பக்கத்து வீட்டார் எல்லோர் காதிலும் விழும்படி கத்தித்தான் சொல்லியாக வேண்டும். பிளேட்டைத் திறந்து கெடுத்தது நான்தான் என்று கத்திச் சொல்வேன். செல்வியையும் கூட்டிப்போகிறேன். எங்க ஆயாவுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அவளும் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

உங்கள் வூட்டுக்காரி,
முனியம்மா