மூன்றாவது பரிந்துரைக் கடிதம்

நவம்பர் 17, திங்கள்

மழை. லண்டன் நோர்பரி ஸ்டேஷனில் ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதம். நின்றபடியே கைபேசியில் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். பொருளியல், முனைவர் பட்டம். கடைசி நாள் 28 வெள்ளி, மதியம் 12 மணி.

முடிந்தவை: சான்றிதழ்கள் (இரண்டும்). எழுத்து மாதிரி. பரிந்துரைக் கடிதம் 1, மாஸ்டர்ஸ் மேற்பார்வையாளர், வந்துவிட்டது. கடிதம் 2, புள்ளியியல் ஆசிரியை, வந்துவிட்டது.

முடியாதவை: ஆய்வு முன்மொழிவின் கடைசிப் பக்கம். கடிதம் 3.

மூன்று கடிதம் சேராமல் சமர்ப்பிக்கும் பொத்தான் வேலை செய்யாது. மூன்றாவது பெட்டி வெறுமை. அதில் போட வேண்டிய பெயர் பீட்டர் சேர். முதல் பட்டத்தில் மூன்று வருடம் படிப்பித்தவர். இந்த ஆய்வு யோசனையே அவர் வகுப்பில் முளைத்தது. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னவர். 'சேர்' என்ற மரியாதைச் சொல் இல்லாமல் அவர் பெயரை எழுதக்கூட எனக்கு வரவில்லை, இந்த நாட்குறிப்பிலும்.

ஜூனில் நூலக வாசலில் கண்டபோது அவராகவே கேட்டார்: "முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? நான் கடிதம் எழுதித் தரட்டுமா?" "ஐயோ, வேண்டாம், உங்களுக்கு எவ்வளவு வேலை" என்றேன். "சரி, நல்லது" என்று போய்விட்டார். அதன் பிறகு கேட்கவே இல்லை. ஒப்புக்குத்தான் கேட்டிருக்கிறார். ஐந்து மாதமாக அது செருப்புக்குள் மணல் மாதிரி உறுத்துகிறது.

கால் நனைந்துவிட்டது. புது சொக்ஸ் வாங்க வேண்டும்.

நவம்பர் 19, புதன்

உள்ளூர் கவுன்சில் அலுவலகத்தில் அரை நாள் வேலை. வீட்டு வாடகை உதவி விண்ணப்பங்கள். யாராவது ஒரு பெட்டியை வெறுமையாக விட்டிருந்தால் குறித்துத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு. இன்று பதினொன்று திருப்பினேன். வெட்கமில்லாமல்.

டிராஃப்டில் பீட்டர் சேருக்கு அனுப்பாத ஏழு ஈமெயில். தங்கச்சி கவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏழா? அக்கா, சீரியஸ்லி? இது ஒரு ஈமெயில். நீ அவரிட்டக் கிட்னி கேக்கேல்லை."

"கிட்னி எண்டா உனக்கு எண்டு சொல்லிக் கேட்டிருப்பன்."

"லூசு."

விருப்பமில்லாதவரை எப்படிக் கேட்பது? ஒருவர் உண்மையாகவே எழுத நினைத்தால் இன்னொரு தரம் கேட்டிருக்க மாட்டாரா?

நவம்பர் 22, சனி

வெயில், ஆனால் காது விறைக்கும் குளிர். முன்மொழிவின் கடைசிப் பக்கத்தோடு காலை முழுவதும். கேள்வி இதுதான்: ஜேர்மனி, ஒல்லாந்து, சுவிஸ் என்று வதிவிட அனுமதியும் வேலையும் கிடைத்து இருந்த எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள், சம்பளம் குறையும் என்று தெரிந்தே ஏன் மறுபடி பெட்டி கட்டி லண்டனுக்கு வந்தார்கள்?

எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். இதுவரை கேட்டதில்லை. அப்பா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஜேர்மனியில நல்ல வேலை. ஏன் விட்டிட்டு வந்தனீங்கள்?"

"உங்கட படிப்புக்குத்தான்."

"அது எல்லாருக்கும் சொல்லுறது. உண்மையாச் சொல்லுங்கோ."

கத்தியை வைத்தார். "ஃபக்டரி மனேஜர் ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டவர். நல்ல மனுசன். கோப்பி குடிக்கிறியோ எண்டு கேட்டார். வேண்டாம் எண்டனான். அந்தாள் பிறகு கேக்கவே இல்லை. தான் குடிச்சார், கேக் துண்டும் சாப்பிட்டார். நான் மூண்டு மணித்தியாலம் வாயைப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

அடுப்படியில் நின்ற அம்மா திரும்பினார். "இத்தனை வருசத்தில இந்தக் கதையை எனக்குச் சொல்லேல்லையே!"

"சொன்னா நீ சிரிப்பாய்."

அம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். வெகு நேரம்.

"அதுக்காகவோ லண்டனுக்கு வந்தனீங்கள்?"

"அதுக்காகவும்தான். இஞ்ச வந்து இறங்கின முதல் வீட்டில வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லிச் சொல்லியே மூண்டு தேத்தண்ணி குடிச்சனான்."

எழுதி வைத்தேன். இதை எப்படி அளப்பது என்று தெரியவில்லை. ஆனால் கடைசிப் பக்கம் நகரத் தொடங்கிவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

அம்மாவின் சிநேகிதி செல்வி அன்ரி பிளேஸ்டோவில் இருந்து வந்தார். தேத்தண்ணி என் பொறுப்பு.

"அன்ரி, தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

"கொஞ்சமா?"

"உனக்கேன் வீண் கரைச்சல்."

"ஊத்திட்டன் அன்ரி."

"சரி, அப்ப சீனியைக் கொஞ்சம் கூடப் போடு."

பிளேஸ்டோவில் இருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். இப்பதான் எங்கே குடித்திருப்பார்?

சீனிப் போத்தலோடு நின்றபோது விளங்கியது. எங்கள் வீட்டில் முதல் வேண்டாமில் தகவல் எதுவும் இல்லை. இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவதுதான் பதில். மற்ற ஆட்களுக்கு முதலாவதே பதில். ஜேர்மன் மனேஜர் அப்பாவை அவமதிக்கவில்லை. பீட்டர் சேர் ஒப்புக்குக் கேட்கவில்லை. வேண்டாம் என்றது நான். அவர் என்னை நம்பினார். அவ்வளவுதான்.

இரண்டு பொருளியல் பட்டம். இதைக் கண்டுபிடிக்க ஐந்து மாதமும் அப்பாவின் கோப்பியும் தேவைப்பட்டன.

மாலை 4.10. எட்டாவது ஈமெயில், நான்கு வரி. அனுப்பியாயிற்று. பதில் வந்ததா என்று பார்க்காமலிருக்க, கைபேசியை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

மழை. சொக்ஸ் வாங்கியாயிற்று.

பதில் வந்திருக்கிறது: "நான்கு நாள்தானே இருக்கிறது! புதன் இரண்டு மணிக்கு வாருங்கள். முன்மொழிவையும் கொண்டு வாருங்கள்."

ஆச்சரியக்குறி கோபமா என்று கவியிடம் கேட்டேன்.

"அக்கா, அது ஹாப்பி. இங்கிலீஷ் ஆக்கள் பஸ் வந்தாலும் போடுவினம்."

நவம்பர் 26, புதன்

பீட்டர் சேரின் அறை, மூன்றாம் மாடி. கதவுக்கு வெளியே நான்கு நிமிடம் நின்றேன். ஒருவர் கடந்து போனதால் தட்ட வேண்டியதாயிற்று.

"ஜூனில் கேட்டேனே? வேண்டாம் என்றீர்கள். என்னைவிட நல்ல ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்."

அந்த மணல் அவர் செருப்புக்குள்ளும் கொஞ்சம் இருந்திருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மேசையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொன்னேன். எங்கள் வீட்டில் முதல் தரம் கேட்டவுடன் யாரும் சம்மதிப்பதில்லை, அது மரியாதை இல்லை, மறுபடி கேட்பீர்கள் என்று இருந்துவிட்டேன்.

"எத்தனை தரம் கேட்க வேண்டும்?"

"மூன்று."

"அப்படியானால் எனக்கு இன்னும் இரண்டு இருக்கிறது. கடிதம் எழுதட்டுமா? எழுதட்டுமா?"

சிரிப்பு வந்துவிட்டது. அவர் அறையில் முதல் தரம் சத்தமாகச் சிரித்தேன்.

முன்மொழிவின் கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். கோப்பிக் கதைக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு. "இதை அடிக்குறிப்பில் போடாதீர்கள். முதல் பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள்."

பிறகு கேத்திலை எடுத்து, "தேநீர்..." என்று தொடங்கினார்.

"பால், இரண்டு சீனி" என்றேன். கேள்வி முடிந்திருக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

குளிர். வெளியே குப்பை லொறி. மேசையில் தோசை, சம்பல், மடிக்கணினி.

"பத்தரைக்கு முதல் அனுப்பு பிள்ளை, பிறகு ராகு காலம்" என்று அம்மா மூன்று தரம். அப்பா கடைக்குப் போகாமல் சும்மா நிற்கிறார். கோப்பிக் கதை முதல் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னேன். "அந்த மனேஜரின்ர பேரைப் போடாதை. பாவம், நல்ல மனுசன்."

9.20. கடிதம் 3 வந்துவிட்டது. மூன்று பச்சைக் குறி.

9.50. எல்லாவற்றையும் மறுபடி வாசித்தேன். அப்பாவின் கதையைக் கூடுதலாக ஒரு தரம்.

10.05. பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி: நிச்சயமாகச் சமர்ப்பிக்க விரும்புகிறீர்களா?

இரண்டாம் தரமும் கேட்கிறது. எங்கட ஆள்தான்.

ஓம், விரும்புகிறேன்.