நீ கேட்டு வாங்கிய பி பிரிவு

எனக்குக் கால் மணி நேரம் பிந்திப் பிறந்த தங்கச்சிக்கு,

இன்றைக்கு மைதாப் பசை காய்ச்சினேன், பேத்திகளின் நோட்டுகளுக்கு அட்டை போட. மாப்பிள்ளை அச்சாபீஸிலிருந்து கொண்டுவந்த கழிவுத்தாள். ஒரு பக்கம் வெடிப் பெட்டிப் படம், மறுபக்கம் வெள்ளை. வெள்ளையை வெளியே வைத்து மடித்துக்கொண்டிருந்தேன். பசை வாடை மூக்கில் ஏறியதும், பள்ளிக்கூடம் போகுமுன் நாம் எதிரெதிரே உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிய காலைகள் வந்துவிட்டன. நான் மடிப்பேன், நீ ஒட்டுவாய். பேச்சு முழுக்க என்னுடையது.

ஐந்தாம் வகுப்புவரை நமக்கு ஒரே பெஞ்சு. உன்னைக் கேள்வி கேட்டால் நான் எழுந்து பதில் சொல்வேன். "ஒன்னயா கேட்டேன்?" என்பார் டீச்சர். "ரெண்டு பேரும் ஒண்ணுதான் டீச்சர்" என்பேன். வகுப்பே சிரிக்கும். நீயும் சிரித்தாய் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

ஆறாம் வகுப்புக்குச் சாத்தூரில் பெரிய பள்ளிக்கூடம். முதல் நாளே என்னை ஏ பிரிவிலும் உன்னை பி பிரிவிலும் போட்டார்கள். அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னேன்: "நாளைக்கு ரெண்டு பேரும் போகக் கூடாது புள்ள. நாலே நாள்ல, ஒரே வகுப்புல போடுறேன்னு டீச்சரே வீடு தேடி வருவாக, பாரு." நீ தலையாட்டினாய். விடிந்ததும் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு பையோடு படியிறங்கினாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டீச்சர் வரவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், எனக்கு வீம்பு. அடுத்த வாரம் தன்னோடு தீப்பெட்டிக் கம்பெனிக்குக் கூட்டிப்போனாள். என் படிப்பு அதோடு சரி.

உன்மேல் கோபத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை. பிரித்தது டீச்சர், இவள் பயந்தவள், அதனால் போய்விட்டாள் என்று உனக்காக நானே வாதாடிக்கொண்டேன். நீ நர்சானபோது கம்பெனி முழுக்கக் காராச்சேவு கொடுத்தவள் நான்.

போன வாரம் பேத்திகளின் பள்ளிக்கூடத்தில் அதே கூத்து. நம்மைப் போலவே இரட்டைப் பிறவி. ஒருத்தி ஏ, ஒருத்தி பி. "கூடப் பொறந்ததுகளப் பிரிக்க ஒங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று தலைமை ஆசிரியையிடம் சத்தம் போட்டேன். சின்னவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆச்சி, சும்மாருங்க. நாந்தான் கேட்டேன்."

"ஒனக்கு எவ சொல்லிக் குடுத்தா?"

"சின்னாச்சிதான். ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது சொன்னாக. அவுகளும் டீச்சர்ட்டத் தனியாப் போயிக் கேட்டுத்தான் பி வாங்குனாகளாம். 'எம்பேரக் கேட்டாக்கூட எங்கக்காதான் சொல்லுவா'ன்னு சொல்லிச் சிரிச்சாக."

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

நீ கேட்டது தப்பென்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு வந்து என் முன்னால் தலையாட்டினாயே, அதைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு எத்தனை வருசம், எத்தனை விசேசம், ஒரே இலையில் எத்தனை சாப்பாடு! கடைசியில் அந்தக் கட்டிலில் உன் தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சி ஊட்டியதும் இந்தக் கைதான். பதினோரு வயசுப் பிள்ளையிடம் சொல்ல முடிந்தது உனக்கு.

தலைமை ஆசிரியை சின்னவளைப் பார்த்து, "ஒனக்கு எதும்மா வேணும்?" என்று கேட்டார். என் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். அவள் மெதுவாக யோசித்தாள். அவளே சொல்லட்டும் என்று காத்து நின்றேன். உனக்காக ஒருநாளும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. அது எனக்குத் தெரிகிறது.

"பிதான் வேணும் டீச்சர்" என்றாள்.

அட்டை போட்டு முடித்தேன். என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் அவள் நோட்டுகளில் ஆறு பி என்று எழுதியும் வைத்துவிட்டேன். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. முகத்துக்கு நேரே சொன்னாள். நீ தலையாட்டியதுதான் என்னோடு இருக்கிறது.