வெள்ளரிக் கூடாரத்து மருந்து

அன்பானவளுக்கு,

நீயும் பாப்பாவும் அப்பாவும் சுகம்தானே? உன் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்கும் குறைவில்லை.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. பிளாஸ்டிக் போர்த்திய எங்கள் வெள்ளரிக் கூடாரத்தில் மருந்தடிக்கும் அண்ணன், புழுக்கம் தாங்காமல் முகமூடியைக் கழற்றியிருக்கிறார். பாத்தி நடுவிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். நான்தான் அவரை வெளியே இழுத்து வந்து, சட்டையைக் கிழித்தெறிந்து, குழாயடியில் தலையோடு தண்ணீர் விட்டேன். கண் விழித்ததும், "பூச்சி செத்துச்சா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் இனி மருந்துப் பக்கமே போகக்கூடாதாம்.

மருந்தைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. போன வருடம் அடிக்காமல் விட்டதில் வெள்ளை ஈ விழுந்து, இலையெல்லாம் பழுத்து உதிர்ந்து, பாதிப் பேருக்கு வேலை போனது.

மேஸ்திரி அந்த மருந்து டேங்கை என் முதுகில் மாட்டப் பார்த்தார். "பொண்டாட்டி ஒத்துக்க மாட்டா" என்று உன் தலையில் போட்டுத் தப்பித்துவிட்டேன். கோபப்படாதே. "எனக்குத்தான் கேக்க ஆளில்லையே, நான் அடிக்கிறேன்" என்று என்னோடு அறையில் தங்கியிருப்பவன் டேங்கை வாங்கிக்கொண்டான். எனக்கும் சேர்த்துச் சமைக்கிறவன் அவன்தான். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் தும்மினால்கூட எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

அப்பா மிளகாய்க்கு மருந்தடித்தால் பாப்பாவை வயல் பக்கம் விடாதே.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள். முழுக்கைச் சட்டை இரண்டு அனுப்பு. என் அளவில் வேண்டாம். அவன் என்னைவிடப் பருமன்.

உன்னவன்