தெல்தெனியவிலிருந்து கொண்டுவந்த வேப்பங்கொத்து

பாப்பா,

முப்பத்தொரு வயதாகியும் உன்னை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். "காமண்ட்ஸ்ல கூடத் தைக்கிற எல்லாரும் சிரிக்கிறாங்கக்கா" என்று கோபித்துக்கொள்வாய். இனி யார் சிரிக்கப்போகிறார்கள்.

இன்று காலை பக்கத்து வீட்டு மல்லிகா ஒரு வேப்பங்கொத்தோடு வந்தாள். அவள் மகளுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். "வாசல்ல எந்தப் பக்கம் சொருகணும்க்கா? உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள். அந்தக் கசப்பு வாசம் மூக்கில் ஏறியது. அவள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கொப்புளத்துக்குள் நீர் இருந்தது. ஆனாலும், "முதல்ல ஆஸ்பத்திரியில காட்டு, இலையெல்லாம் பிறகு" என்று கத்திவிட்டேன். மல்லிகா மிரண்டு போனாள்.

உன்னுடையதில் நீர் இல்லை பாப்பா. ஊசி முனையால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள்தான். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை.

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாய். எலும்பெல்லாம் யாரோ முறிக்கிற மாதிரி இருக்கிறது என்றாய். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், கடையில் வாங்கிய காய்ச்சல் குளிசை கொடுத்தேன். நாலாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. கையிலும் காலிலும் அந்தப் புள்ளிகள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். சின்ன வயதில் நம் இரண்டு பேருக்கும் அம்மை போட்டபோது, நம்ம அம்மா வேப்பிலையில் படுக்க வைத்து, மூன்று தண்ணீர் ஊற்றி எழுப்பிவிட்டாளே. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதுதான் தெரியும்.

"மாரியம்மா இறங்கிட்டா பாப்பா, இனி பயமில்ல" என்றேன்.

"அப்போ எனக்கு லீவு போட்டுக் குடுத்தது அவதானா? சுப்பர்வைசர் கிட்ட வந்து சொல்வாளா?" என்று சிரித்தாய். பால் போடாத பிளேன்டி கேட்டாய். சூடாக எதுவும் கூடாது என்று தரவில்லை.

நம் பக்கம் வேப்பமரம் இல்லை. தெல்தெனியவில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒன்று நிற்கிறது என்று பஸ் ஏறினேன். வழியில் ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது. காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் இறங்கியது. நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இலைக்குத்தானே போகிறேன்.

திரும்பி வரும்போது பகல் திரும்பிவிட்டது. நீ வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு கிடந்தாய்.

"அம்மைக்கு வயிறு வலிக்குமாக்கா?"

"வாய மூடு. மாரியம்மா காதுல விழும்."

அதற்குப் பிறகு நீ எதுவும் கேட்கவில்லை. உன் கை கால் சில்லென்று இருந்தது. சூடு இறங்குகிறது என்று சாமிக்குக் கும்பிடு போட்டேன். எழுந்து நிற்க முடியாமல் நீ விழுந்த பிறகுதான் ஓட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தப் புள்ளியை விரலால் அழுத்திப் பார்த்தார். சிவப்பு மறையவில்லை. "இது தோலுக்குள்ள கசிஞ்ச ரத்தம். அம்மை இல்ல, டெங்கு" என்றார். இரண்டு நாள்தான் அதற்குப் பிறகு.

காரியம் முடிந்து நான் அந்த டாக்டரைத் தேடிப் போனேன். மடவளை ஊர்ப் பக்கத்துப் பெண், மற்ற டாக்டர்மாரைப் போலச் சிங்களத்தில் இல்லாமல் நன்றாகத் தமிழ் பேசுகிறார். காய்ச்சல் விட்ட பிள்ளை எப்படிச் சாகும் என்று கேட்டேன்.

"டெங்கு நுளம்பு பறந்து வந்து கடிக்கும்போது வைரஸ் உள்ள போகுது அக்கா. அதுக்குத் தானாப் பெருகத் தெரியாது. நம்ம உயிரணுவுக்குள்ள பூந்து, அதை வச்சே தன்னைப் போல நிறையச் செஞ்சுக்கும். உடம்பு எதிர்த்துச் சண்டை போடும். அந்தச் சண்டையில சிலருக்கு ரத்தக் குழாய் கசியும். ரத்தத்துல உள்ள தண்ணி வயித்துக்கும் நெஞ்சுக்கும் போயிரும், ரத்த ஓட்டம் குறைஞ்சு கை கால் சில்லிட்டுரும். காய்ச்சல் விடுற நேரத்துலதான் அந்த ஆபத்து."

"அப்போ வீட்ட உடைச்சது திருடனா, வெரட்டப் போன வீட்டுக்காரனா டாக்டர்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு பேரும்தான் அக்கா" என்றார்.

அம்மையும் வைரஸ்தானாம். அதை நம் உடம்பு பெரும்பாலும் தானே வென்றுவிடுமாம். அப்படியென்றால் அன்று நம்மைக் காப்பாற்றியது வேப்பிலையும் இல்லை, மாரியம்மாவும் இல்லையா? மாரியம்மனை நான் என்ன செய்வது பாப்பா? அவளோடு சண்டை போடுவதா, அவளிடம் மன்னிப்புக் கேட்பதா? விளக்கு ஏற்றுகிறேன், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

சாயங்காலம் மல்லிகா வந்தாள். அம்மைதானாம், பயமில்லையாம். பிள்ளைக்குக் குடிக்க நிறையக் கொடுக்கச் சொன்னார்களாம். பிறகு நானே போய் இலையைச் சொருகிக் கொடுத்தேன். ஏன் செய்தேன் என்று எனக்கே புரியவில்லை.

நான் கொண்டுவந்த கொத்து இன்னும் நம் கதவில்தான் காய்ந்து தொங்குகிறது. கழற்றக் கை போகவில்லை. யாருக்குக் காய்ச்சல் விட்டது என்றாலும் போய்க் கை காலைத் தொட்டுப் பார்க்கிறேன், வயிறு வலிக்கிறதா என்று கேட்கிறேன். பைத்தியம் என்கிறார்கள்.

ஆனால் அந்தப் பகலில் வாயை மூடு என்றதும், நீ அந்த இலையையும் பார்த்தாய், என் முகத்தையும் பார்த்தாய். இது அம்மை இல்லை என்று உனக்கு அப்போதே தெரியுமா பாப்பா? இவ்வளவு தூரம் போய்க் கொண்டுவந்தேனே என்றுதான் பேசாமல் படுத்துக்கொண்டாயா?