எலும்பு இல்லை, பக்கம்

வெள்ளையடிக்க ஆள் வருகிறார் என்று நேற்று பீரோவை நகர்த்தினேன். பின்னால் உன் எக்ஸ்ரே கவர் கிடந்தது. ஓரத்தை எலி கடித்திருந்தது. கவரின் மேல் நீ பேனாவால் வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய எபிரேய எழுத்துகள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோலக் கோணல் கோணலாக. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. உனக்கு நான் லெட்டர் எழுதியதே இல்லை. புருஷன் பொண்டாட்டியாக ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு லெட்டர் எதற்கு?

துறைமுகத்தில் கப்பல்மேல் அடுக்கிய கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை உனக்கு. ஒரு மழைநாளில் ஏணியில் கால் வழுக்கி விழுந்தாய். மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது. மூச்சுவிடவே திணறிக்கொண்டிருந்த நீ, ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஆம்பளைக்கு ஒரு எலும்பு கம்மிதானே சார்?"

"யாருய்யா சொன்னது? இந்தப் பக்கம் பன்னெண்டு, அந்தப் பக்கம் பன்னெண்டு. உன் சம்சாரத்துக்கும் அதே கணக்குதான்."

உன் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து அந்த எலும்பை வைத்துத்தானே நீ என்னிடம் பேசினாய்? டைப்பிங் ஹையர் முடித்த நான், வேலைக்குப் போகிறேன் என்று கேட்டபோதெல்லாம் பைபிளில் ஆதியாகமத்தைத் திறந்து, ஆணின் விலா எலும்பிலிருந்து கடவுள் பெண்ணைப் படைத்த இடத்தைக் காட்டுவாய். "என் எலும்புலேர்ந்து வந்தவ நீ. ஏற்ற துணைன்னு போட்டுகீது பாரு. துணைன்னா வூட்ல இருக்கணும்." பதினான்கு வருஷம் அதையே கேட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஃபிலிமை ஜன்னலில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாய். "அப்ப கடவுள் எத்த எடுத்தாரு?" எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டில் அரிசி தீரப்போகிறது. எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் ஆபீசில் டைப் அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று பக்கத்துவீட்டு அக்கா சொன்னதை அன்றைக்குத்தான் உன்னிடம் எடுத்தேன். "பொண்டாட்டி சம்பாரிச்சு நான் துன்னணுமா?" என்று வலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ஃபோனில் யாரோ, ஆதியாகமத்தின் மூல மொழியான எபிரேயம் சொல்லிக்கொடுப்பதை நீ படுத்தபடி கேட்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். பொழுது போகாமல் செய்கிறாய் என்று விட்டுவிட்டேன். ஒரு மத்தியானம் கூப்பிட்டாய்.

"இங்க வாயேன். நாம எலும்புன்னு படிக்கிற எடத்துல ட்சேலான்ற வார்த்தை கீது. இதே வார்த்தை உடன்படிக்கைப் பெட்டிக்கு வருது, கூடாரத்துக்கு வருது, மலைக்குக்கூட வருது. அங்கல்லாம் பக்கம்னு போட்டுகீறாங்க. இங்க மட்டும் எலும்பு."

"அதுக்கு இன்னா இப்போ? அடுப்புல கொழம்பு கீது."

"ஒரு பக்கத்தையே எடுத்தார்னா, நீ பாதி நான் பாதின்னு ஆவுதுல்ல? துணைக்கு ஏசெர்னு போட்டுகீது. வேதத்துல சங்கீதப் பாட்டுங்கள்ல கடவுளையே அந்த வார்த்தையாலதான் கூப்புடுறாங்க. அடுத்தாப்ல கெனெக்தோ. நேருக்கு நேரா நிக்கிறதாம்."

சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் குழம்பைக் கிண்டப் போய்விட்டேன். பதினான்கு வருஷக் கோபம் ஒரு மத்தியானத்தில் ஆறுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெஞ்சில் பெல்ட் கட்டிக்கொண்டு, ராயபுரத்தில் நம் சபையின் வேதபாட வகுப்புக்கு வந்தாய். மூப்பர் படைப்பைப் பற்றிப் பேசினார். மனைவி விலாவிலிருந்து வந்ததால் கணவன் கைக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்றார். நீ பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய்.

"எபிரேயத்துல எலும்பு இல்லீங்க ஐயா. பக்கம்."

பின்வரிசையில் ஒருவர், "கம்பி கட்றவனுக்கு எபிரேயு இன்னாத்துக்குப்பா?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். நீ உட்கார்ந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன்.

"நான் படிக்காதவன்தான். தப்பா இருந்தா திருத்துங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த வசனத்தக் காட்டித்தான் என் வூட்டுக்காரிய பதினாலு வருஷம் வேலைக்குப் போவாம நிறுத்தி வெச்சேன். அது கடவுள் சொன்னது இல்ல. நான் சொன்னது."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வார்த்தைக்கு இப்படியும் பொருள் சொல்பவர்கள் உண்டு என்று மூப்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்டர் மெதுவாகச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் நான் தலைமேல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவமானத்தில் அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவினாள். அவளுக்கு என்ன தெரியும்!

மறுநாள் ஷேர் ஆட்டோவில் நீயே என்னை எர்ணாவூருக்குக் கூட்டிப்போனாய். ஒவ்வொரு பள்ளத்திலும் பல்லைக் கடித்தாய். நான் டைப் அடித்துக் காட்டிவிட்டு வெளியே வந்தபோது லாரிப் புழுதியில் நின்றுகொண்டிருந்தாய்.

"கெடைச்சுதா?"

"நாளைக்கே வரச் சொல்றாங்க."

ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினாய். பிறகு, "மீன் கொழம்புக்குப் புளி எவ்ளோ போடணும்?" என்றாய். மூன்று மாதம் நீ வைத்த குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. அதற்கப்புறம் என்னைவிட நன்றாக வைத்தாய்.

ஒன்பது வருஷம் அப்படி வாழ்ந்தோம். நம் கல்யாணத்தை அங்கிருந்துதான் நான் எண்ணுகிறேன். நெஞ்சுவலி வந்து நீ போன காலையில்கூட என் டிபன் பாக்ஸை நீதான் கட்டி வைத்திருந்தாய்.

இப்போது அதே யார்டில் கேட் ஆபீசுக்கு நான்தான் பொறுப்பு. நம் பையனுக்கு மே மாதம் கல்யாணம் ஆனது. மருமகள் நர்ஸ். அவள் டியூட்டிக்குப் போகிற நாளில் அவன் பாட்டுக்குத் துணி துவைக்கிறான், சோறு வடிக்கிறான். எபிரேயத்தில் ஒரு எழுத்துகூட அவனுக்குத் தெரியாது. உன்னைப்போல விழுந்து எழுந்து கற்கவேண்டிய தேவை அவனுக்கு வரவில்லை.

எனக்குத்தான் விட மனமில்லை. நான்காம் அதிகாரத்தோடு நீ நிறுத்திவிட்டாய். அதிலிருந்து பிடித்துக்கொண்டு, வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை படிக்கிறேன். நோவா வரை வந்துவிட்டேன். பெருமழைக்கு முன் கட்டச் சொன்ன பேழைக்கு இப்போதுதான் கடவுள் அளவு சொல்லிக்கொண்டிருக்கிறார். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.