கீழ வாய்க்கால் தெருவின் கடைசிப் பத்தடி

அனுப்புநர்:
முனைவர் கா. இளமதி,
நுண்ணுயிரியல் ஆய்வாளர்,
17, கீழ வாய்க்கால் தெரு,
வெள்ளாற்றுப்பேட்டை,
சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
வெள்ளாற்றுப்பேட்டை.

பொருள்: கீழ வாய்க்கால் தெருச் சாக்கடை – தூர்வாரி மூடும் பணி – இட்லிக்கடையின் பின்புறமுள்ள பத்தடியை மட்டும் பதினைந்து நாள் தொடாமல் விடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2007ஆம் ஆண்டு கடலூரில் மக்கள் குறைதீர்க்கும் நாளன்று எங்கள் தெருவார் அளித்த மனு (முதல் கையொப்பம் என்னுடையது).

மதிப்பிற்குரிய அய்யா,

1. சாக்கடையை அள்ளவில்லை என்று தங்களுக்கு வரும் மனுக்களை அடுக்க ஒரு பீரோ போதாது என்பதை அறிவேன். அள்ளிவிட்டார்கள் என்று வரும் முதல் மனு இதுவாகத்தான் இருக்கும். தங்கள் பணியாளர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பத்தே நாளில் முந்நூறு அடி தூர்வாரி, பிளீச்சிங் பவுடர் தூவி, சிமெண்டுப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். தெருவே நிம்மதியாக மூச்சு விடுகிறது. இந்த மனுவில் குற்றம் சாட்டப்படுபவள் நான்தான்.

2. பார்வையில் கண்ட மனுவைக் கொடுக்க நாங்கள் கடலூருக்கு வேன் வைத்துப் போனபோது, இட்லிக்கடை நடத்தும் திருமதி ரத்தினம்மாள் அவர்கள் அதிகாரிகளிடம் காட்டுவதற்காக ஒரு குளிர்பான பாட்டிலில் சாக்கடைத் தண்ணீரைப் பிடித்து வந்திருந்தார். அங்கே அதை யாரும் வாங்கவில்லை. திரும்பும் வழியில் என் மடியில் வைத்து, "நீதான் கிருமி படிச்சவளாச்சே, உள்ள என்னாதான் இருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றார். வேன் போன வேகத்தில் மூடி கழன்று என் புதுப் புடவை வீணானது. எனது ஆய்வு அன்றுதான் தொடங்கியது.

3. அந்தப் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரில் இருந்த பாக்டீரியாக்களில் பல, மருந்துக் கடையில் கிடைக்கும் ஆன்டிபயாடிக் எதற்கும் சாகாதவை. அவற்றுள் ஒன்று, அதே தெருவில் வசிக்கும் கொத்தனார் திரு. சின்னையன் அவர்களின் கால்புண்ணிலும் இருந்தது. ஏழு மாதம் ஆறாத புண் அது. பதினான்கு மருந்துகளைப் பரிசோதித்ததில், பெரிய ஆஸ்பத்திரியில் மட்டுமே கிடைக்கும் ஒன்றுதான் கேட்டது. கால் தப்பியது, இரண்டு விரல்கள் போயின. அக்கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் பெங்களூருக்கு அனுப்பிப் படித்து வாங்கினோம். ஐம்பத்து மூன்று இலட்சம் எழுத்துகள். எந்த எந்த மருந்தை எப்படி ஏமாற்றுகிறது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. படிக்கப் படிக்கக் கோபம் வரும், கூடவே கொஞ்சம் மரியாதையும் வரும்.

4. இனித்தான் நற்செய்தி. பாக்டீரியாவைக் கொன்று பெருகும் வைரஸ்கள் உண்டு. எங்கள் துறையில் ஃபேஜ் என்போம். மனிதரை அவை ஒன்றும் செய்யா. கிருமி எங்கே பிழைக்கிறதோ அங்கேதான் அதன் எதிரியும் பிழைக்கும் என்பதால், அதே சாக்கடையில் மூன்றாண்டுகள் ஞாயிறுதோறும் தண்ணீர் மொண்டு பார்த்தேன். சென்ற பிப்ரவரியில், சின்னையன் அவர்களின் கிருமியைப் பரப்பி வைத்திருந்த கண்ணாடித் தட்டில், தோசைக்கல்லில் வெந்த மாவு போல ஓட்டை ஓட்டையாக விழுந்திருந்தது. ஒவ்வோர் ஓட்டையும் கிருமி செத்த இடம். அய்யா, நான் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆய்வகத்தின் மாடிப்படியில் இறங்கி ஓடினேன். அன்று சிதம்பரத்தில் என்னைவிடச் சந்தோஷமானவர் யாரும் இருந்திருக்க முடியாது.

5. அந்த ஃபேஜை ஒரு சிறு பாட்டிலில் சேமித்தேன். அதன் மரபணுவைப் படிக்க வரும் நவம்பரில் பெங்களூரில் நாளும் வாங்கினேன். ஆனால் பாட்டிலின் மேல் அவசரத்தில் நான் எழுதியது "சாக்கடைத் தண்ணீர்" என்ற இரண்டே சொற்கள். கடந்த 15ஆம் தேதி, ஆயுத பூஜைக்கு முதல் நாள், எங்கள் ஆய்வக உதவியாளர் திரு. தேவநாதன் அவர்கள் வழக்கம்போல ஆய்வகம் முழுவதையும் துடைத்துக் கழுவி, நுண்ணோக்கி முதல் ஃபிரிட்ஜ் வரை சந்தனம் குங்குமம் வைத்தார். திங்களன்று நான் பாட்டிலைத் தேடியபோது, "சாக்கடத் தண்ணிக்கு எப்பிடி மேடம் சந்தனம் வைக்கறது? அதான் கொதிக்க வச்சி ஊத்திட்டேன்" என்றார். கருவிகளைக் கழுவுவதில் அவருக்கு நிகரில்லை. பெயரை ஒழுங்காக எழுதாதது என் பிழை. இன்னொரு பாட்டிலில் பிரித்து வைக்காதது அதைவிடப் பெரிய பிழை. அன்று நான் அழுதேன். அவர் என்னைவிட அதிகமாக அழுதார்.

6. சாக்கடைக்கு ஓடி வந்தேன். தூர்வாரிப் பவுடர் தூவிய இடத்தில் ஃபேஜும் மிஞ்சாது. தொடாமல் மீதமிருந்தது பத்தடி. பலகை போட நின்றவர் சின்னையன் அவர்கள். விவரம் சொன்னதும், "என் காலத் தின்ன கிருமிக்கு எமன் இதுக்குள்ள இருக்கான்னா, நான் எப்பிடிம்மா மூடுவேன்" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தங்கள் உத்தரவின்றி அவர் பணியை நிறுத்தியது என் பொருட்டே.

7. தீபாவளிக்கு முன்பு மூடுவதாக இருந்தால் போதும், அதுவரை பத்தடி திறந்திருக்கட்டும் என்று தெருவாரிடம் கேட்டேன். நாற்றம் நேராக வீசுவது ரத்தினம்மாள் அவர்கள் கடைக்குத்தான் என்பதால் அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: "மூணு வருஷமா மூக்கப் பொத்திக்கினு இட்லி ஊத்தறேன், தீபாவளி வரைக்கும் பொத்திக்க மாட்டனா? ஆனா மொத பாட்டிலு எம் பாட்டிலு. அந்தப் பூச்சிக்கு எம் பேருதான் வைக்கணும்." பூச்சி அன்று, வைரஸ் என்று விளக்கினேன். எதுவானாலும் பெயர் தன்னுடையதுதான் என்று கூறிவிட்டார்.

8. ஆகவே, அந்தப் பத்தடியை மட்டும் பதினைந்து நாள் தூர்வாராமல், பவுடர் தூவாமல் விட்டுவைக்க உத்தரவிடும்படி வேண்டுகிறேன்.

இடம்: வெள்ளாற்றுப்பேட்டை
நாள்: 20.10.2010

பின்சேர்க்கை (21.10.2010, காலை):

மேற்கண்ட மனுவைத் தங்களிடம் நேரில் கொடுக்கக் கிளம்பிய நேரத்தில் நிலைமை மாறிவிட்டது. இரண்டு நாளாக நான் எடுத்த மாதிரிகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. நேற்று மாலை சின்னையன் அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "மேலாக்க மொண்டுக்கினு இருந்தா எப்பிடிம்மா? அடிச்சேத்துலதான் எல்லாம் குந்திக்கினு இருக்கும்" என்றார். காலை உள்ளே வைக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னதால், கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, நீளக் கழியில் கரண்டியைக் கட்டி, பழைய செங்கல் தளம்வரை விட்டுச் சேறு எடுத்துக் கொடுத்தார். மூன்றாண்டுகளாக இது எனக்குத் தோன்றவில்லை. இன்று காலை தட்டைத் திறந்தேன். எண்ணினேன். நாற்பத்தொரு ஓட்டைகள்.

இம்முறை ஆறு பாட்டில்களில் பிரித்து, மூன்று வேறு வேறு ஃபிரிட்ஜ்களில் வைத்துவிட்டோம். பெயரைத் தேவநாதன் அவர்களே தம் கையால் கொட்டை எழுத்தில் எழுதி, பாட்டிலுக்கு ஒரு பொட்டு வீதம் சந்தனமும் வைத்தார்.

ஆகவே என் கோரிக்கையைப் பின்வருமாறு திருத்திக்கொள்கிறேன். பத்தடியையும் உடனே மூடிவிடவும். பதினைந்து நாள் வேண்டாம், நாளையே மூடலாம். மூன்று நாள் வேலை நின்றதற்காகத் திரு. சின்னையன் அவர்களிடம் விளக்கம் கேட்க வேண்டாம். கேட்டே ஆக வேண்டுமென்றால் என்னிடம் கேட்கவும். தாங்கள் ஒருமுறை ஆய்வகத்துக்கு வந்து அந்தத் தட்டைப் பார்த்தால் மிகவும் மகிழ்வேன். தங்கள் பேரூராட்சியில் விளைந்தது அது.

2007இல் முதல் கையொப்பம் நான் போட்டேன். இம்முறை அந்த இடம் உரியவருக்கே.

இப்படிக்கு,

ரத்தினம்மாள் (பாட்டிலில் உள்ள பேருக்குச் சொந்தக்காரி)
சின்னையன், கொத்தனார்
கா. இளமதி

இணைப்பு: தட்டின் புகைப்படம் ஒன்று. ஓட்டைகளை ரத்தினம்மாள் அவர்களும் எண்ணிப் பார்த்தார். அவர் கணக்கில் நாற்பத்திரண்டு.