பனியில் எத்தனை நாள்?

12 ஒக்டோபர் 2024, சனி

இன்று எனக்கு ஐம்பத்தைந்து. வெம்பிளிக் கடையில் காலையிலிருந்து முந்நூறு மிதிவெடி சுற்றினேன். ரோல்ஸுக்கு அப்படிப் பெயர் வைத்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தின்றால் ஒன்றும் செய்யாது, வயிற்றுக்குள் போன பிறகுதான் வெடிக்கும்.

வீட்டுக்கு வந்தால் மகள் மேனுஷா ஒரு கவரை நீட்டினாள். பனிச்சறுக்கு வகுப்பாம், ஆறு சனிக்கிழமை. லண்டனுக்கு வெளியே பெரிய கூடாரம் கட்டி, உள்ளே பனி செய்து கொட்டி வைத்திருக்கிறார்கள்.

"கடை, வீடு, கோயில். வேறை ஒண்டும் பாக்கேல்லை நீங்கள் அப்பா."

மனுசி சிவனேஸ்வரி சொன்னாள்: "விழுந்து இடுப்பை உடைச்சுப்போட்டு என்ரை தலையில இருக்கப் போறார்."

"அங்கை எங்கையப்பா இடம், கொண்டையெல்லோ இருக்கு" என்றேன். கரண்டியால் எறிந்தாள். படவில்லை.

இந்தக் கொப்பியும் மேனுஷா தந்ததுதான். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்குக் கொப்பி.

15 ஒக்டோபர்

எந்தக் குறூப், எந்த வாத்தியார் என்று நானே தெரிவுசெய்யவேண்டுமாம். நாலு பேர் குறூப் இருக்கிறது, பத்துப் பேர் குறூப் இருக்கிறது. விழுந்தால் சிரிக்க ஆள் வேண்டும். பத்து.

வாத்திமாரின் படங்களைப் பார்த்தேன். ஒருவன் ஆகாயத்தில் தலைகீழாக நிற்கிறான். அவன் வேண்டாம். இன்னொருவருக்குச் சிரிக்கவே தெரியாது. மூன்றாவது ஒரு பிள்ளை, பியற்றிஸ். தாய் தகப்பன் யாழ்ப்பாணம், சுவிஸில் பிறந்து மலையில் வளர்ந்து இப்போது லண்டன். போன் எடுத்தேன். ஜெர்மன் வாசத்தோடு எங்கடை தமிழ்.

"ஆர் படிப்பிக்கினம் எண்டதைவிட, ஆரோட நிக்கிறியள் எண்டதுதான் முக்கியம் அங்கிள். உங்கடை அளவு ஆக்களோட நிண்டால் பயம் வராது. போர்மை மட்டும் உண்மையா நிரப்புங்கோ."

எடுத்தாயிற்று. பியற்றிஸ்தான்.

19 ஒக்டோபர், சனி

போர்மில் ஐந்தாவது கேள்வி: பனியில் எத்தனை நாள் இருந்திருக்கிறீர்கள்?

11 என்று எழுதினேன்.

கீழே, எழுதியதெல்லாம் உண்மை என்று கையெழுத்து. வைத்தேன். ஏன் எழுதினேன்? சைபர் போட்டிருக்கலாம். பேனை தானாகப் போனது.

7 நவம்பர், வியாழன்

சூரன்போர். ஆர்ச்வே முருகன் கோயிலில் நிற்க இடமில்லை. சிவனேஸ்வரி ஆறு நாளும் விரதம். தன் தம்பி யோகராஜாவுக்காக. வழமைபோல அர்ச்சனைச் சீட்டில் அவன் பெயரும் நட்சத்திரமும். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது.

நானும் அவனும் 97 கடைசியில் ஒன்றாக வெளிக்கிட்டோம். அப்போது எனக்கு அவள் கூட்டாளியின் அக்கா மட்டும்தான். லண்டன் வந்து சேர்ந்து அவர்களுக்குப் போன் எடுத்தேன். லொறியில் ஒரு ராத்திரிப் பயணம், பொலிஸ் மறித்தது, யோகன் மற்றப் பக்கம் ஓடினான், எங்கேயாவது இருப்பான் என்று சொன்னேன். மூன்று வருஷத்தால் அவளையே கட்டினேன். இருபத்தாறு வருஷமாக அவள் அவனைத் தேடுகிறாள். நான் பக்கத்தில் நின்று கும்பிடுகிறேன்.

கந்தா, உனக்குத் தெரியும்.

9 நவம்பர், சனி

முதல் வகுப்பு. குளிர்பெட்டிக்குள் தெரிந்துகொண்டே நுழைகிற மீன் நான் ஒருவன்தான்.

என் குறூப்பில் ஒன்பது பேரும் என்னைச் சுற்றி அம்பு மாதிரிப் போகிறார்கள். நான் நின்ற இடத்திலேயே விழுந்தேன். பியற்றிஸ் வந்தாள்.

"அங்கிள், பதினொரு நாள் எண்டு போட்டிருக்கிறியள். அதாலை இரண்டாவது குறூப்பில விட்டனான். எங்கை ஸ்கீ பண்ணினனீங்கள்?"

"உக்ரைன்."

"என்ன ஸ்கீ?"

"பாட்டாச் செருப்பு."

சிரித்தாள். பிறகு நின்றுவிட்டாள். "அப்பாவும் அந்த வழியாலைதான் வந்தவர்" என்றாள். வேறொன்றும் கேட்காமல் என்னை முதலாம் குறூப்பில், முதல் நாள் ஆட்களோடு கொண்டுபோய் விட்டாள்.

கையுறை இல்லாமல் பனியில் இறங்கக்கூடாது, சட்டம், என்று ஒரு சோடி தந்தாள். போட்டேன். உடனே கழற்றினேன். அவள் பார்த்தாள், திரும்பப் போட்டேன்.

அங்கே முதல் பாடம் சறுக்குவது இல்லை, விழுவது. விழுந்தால் காலைச் சரிவுக்குக் குறுக்கே வை, முழங்காலைச் சேர், கையை ஊன்று, எழும்பு. எல்லோரும் எழும்பினார்கள். நான் மட்டும் கிடந்தபடி கூரையைப் பார்த்தேன். இப்படி ஒரு முறை இருக்கிறதென்று அன்றைக்கு... இல்லை. சும்மா எழுதாதே, நித்தி. முறை தெரியாமலா அவன் எழும்பவில்லை?

10 நவம்பர், ஞாயிறு

குறூப் மாற்றியதற்கு ஈமெயில் வந்தது. மேனுஷா தேத்தண்ணி மேசையில் வாசித்தாள். "உங்கள் பதினொரு நாள் பனி அனுபவம் சறுக்கல் இல்லை என்பதால்..." அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்பா, சீரியஸா? லெவன் டேய்ஸ்?"

சிவனேஸ்வரி சிரிக்கவில்லை.

"லொறியில ஒரு ராத்திரி எண்டெல்லோ சொன்னனீங்கள்."

வடைக்கு உப்புக் கூடிவிட்டது என்றேன். வடை அளவான உப்பு.

11 நவம்பர்

கேட்கவில்லை.

12 நவம்பர்

கேட்கவில்லை. கேட்டால் நல்லது.

14 நவம்பர், வியாழன்

நானே சொன்னேன். கடைக்குப் போகவில்லை. குசினியில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

லொறி இல்லையப்பா, நடைதான். பதினொரு நாள், பதினாலு பேர், களவாக் கூட்டிப்போற ஒரு ஏஜென்ற். பத்தாம் நாள் காலமை யோகன் பனியில இருந்திட்டான், எழும்பேல்லை. ரெண்டு தரம் தூக்கினன். மூண்டாம் தரம் ஏஜென்ற் என்னை இழுத்தவன். "நீங்கள் போங்கோ அண்ணை, கொஞ்சம் இருந்திட்டு வாறன்" எண்டான். வாறன் எண்டுதான் சொன்னவன். அதைத்தான் நான் உங்களுக்கு—

"பிறகு?"

பிறகு அவன்ரை கிளவுஸைக் கழட்டினன். என்ரை விரல் விறைச்சுச் செத்துப்போச்சு. அவன் கையை இழுக்கேல்லை, என்னைப் பாத்துக்கொண்டிருந்தவன்.

அவளுக்கு விளங்கிவிட்டது. கையுறையைக் கழற்றினவனுக்கு, அவன் வரமாட்டான் என்று அப்போதே தெரியும்.

"என்ன திகதி?" என்று மட்டும் கேட்டாள்.

"பொங்கல் கழிஞ்சு நாலாம் நாள். ஜனவரி பதினெட்டு."

வெங்காயத்தை உரித்து முடித்தாள். சமைத்தாள். எனக்குப் போட்டு மூடி வைத்துவிட்டு மேனுஷாவின் அறைக்குள் போனாள்.

30 நவம்பர், சனி

இன்னும் அந்த அறையில்தான். என் தேத்தண்ணி மேசைக்கு வருகிறது, ஆள் வருவதில்லை. மேனுஷாவிடம் நானே எல்லாம் சொன்னேன். அழுதாள். பகிடி விட்டுப் பார்த்தேன். "ப்ளீஸ், அப்பா" என்றாள்.

வகுப்புக்குப் போவதை நிற்பாட்டிவிட்டேன்.

22 டிசம்பர்

கடையில் விஜயரத்தினம் அண்ணை, "என்னடாப்பா, வாய்க்குப் பூட்டே?" என்றார். பல்லுக் கொதி என்றேன்.

19 ஜனவரி 2025, ஞாயிறு

நேற்று அவள் பேசினாள், இரண்டு மாதத்துக்குப் பிறகு. "நாளைக்குக் கோயிலுக்கு வாங்கோ. ஐயரிட்டைப் பஞ்சாங்கம் பாத்திட்டன். அவன்ரை திதி, தேய்பிறைச் சட்டி."

போனோம். ஐயருக்கு எங்கள் பெயர்கள் பாடம். நித்தியானந்தன், சிவனேஸ்வரி, மேனுஷா என்று தொடங்கி, "யோகராஜா, கேட்டை..." என்றார்.

"இல்லை ஐயா. அந்தப் பேர் அர்ச்சனையில இனி வேண்டாம். மோட்ச அர்ச்சனையில சொல்லுங்கோ."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மோட்ச விளக்கு ஏற்றினார்கள். அவள் அழவில்லை. நான்தான் தூணுக்குப் பின்னால் போய், அறுக்கக் கட்டின மாடு மாதிரிக் கதறினேன்.

திரும்பும்போது ரயிலில் எதிர்ச் சீற்றில் இருந்து சொன்னாள்: "அந்த பியற்றிஸ் பிள்ளையிட்டை என்ரை பேரையும் எழுதிவிடுங்கோ. பனியில விழுந்து கிடந்தால் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியோணும்."

1 பெப்ரவரி, சனி

நானும் திரும்பச் சேர்ந்தேன். சிவனேஸ்வரியின் போர்மை நான்தான் நிரப்பினேன். ஐந்தாவது கேள்விக்கு 0. அவள் வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

முதலாம் குறூப், பத்துப் பேர். அவள் அந்த அந்தம், நான் இந்த அந்தம். பியற்றிஸ் விழச் சொன்னாள். எல்லோரும் சிரித்துக்கொண்டு விழுந்து எழும்பினார்கள். சிவனேஸ்வரி எழும்பவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்து, கன்னம் பனியில், கண் திறந்தபடி. வலக்கைக் கையுறை கழன்று சரிவில் உருண்டு என் காலடிக்கு வந்தது.

எடுத்துக்கொண்டு, பலகை காலில் இருப்பதையும் மறந்து ஓடினேன். இரண்டு தரம் விழுந்தேன். போய்த் தோளைப் பிடித்தேன்.

"விடுங்கோ. எழும்பத் தெரியும்."

விட்டேன். கனநேரம் கிடந்தாள். பியற்றிஸ் மற்றவர்களை அப்பால் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு காலைக் குறுக்கே வைத்தாள், முழங்காலைச் சேர்த்தாள், வெறும் கையைப் பனியில் ஊன்றி எழும்பி நின்றாள். கை சிவந்திருந்தது. அதை என் பக்கம் நீட்டினாள்.

"கிளவுஸைத் தாங்கோ."

கொடுத்தேன்.